பீபிஜியின் ஆமை தூங்கிய குளிர்காலம்

டெல்லிக் குளிரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நம் வயசுக்காரர்களுக்கு வாய் மூடாது. மோதி பாக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்களாகட்டும், கரோல் பாக்கில் ஒண்டுக் குடித்தனம் இருந்தவர்களாகட்டும், பென்ஷன் வாங்குகிற வயசில் நாலு பேர் ஒன்று கூடினால் போதும். ரஜாய்ப் போர்வைக்குப் பஞ்சு அடிக்க வில்லைத் தூக்கிக்கொண்டு வருபவன், வெயிலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் பட்டாணி உரித்தது, கோட்டுப் பை நிறைய வேர்க்கடலை என்று ஆளாளுக்கு ஒரு மூட்டையை அவிழ்ப்போம். நானும் சளைக்காமல் அவிழ்ப்பேன். யாராவது "அங்கீட்டியை விட்டுட்டீங்களே" என்று அந்தக் கரி அடுப்பை இழுத்தால் மட்டும், காபி போடுகிற சாக்கில் எழுந்து போய்விடுவேன்.

போன தடவை உங்களில் ஒருத்தி அதைக் கவனித்துவிட்டாள். "அங்கீட்டின்னா உனக்கு மட்டும் என்னடி ஆகுது?" என்று அடுப்படி வரைக்கும் வந்து கேட்டாள். பேரன் பேத்தி எடுத்த பிறகு எதை மூடி வைத்து என்ன ஆகப்போகிறது? சொல்கிறேன். ஆனால் ஆமையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

எங்கள் குவார்ட்டர்ஸில் கீழே பீபிஜி, நடுவில் நாங்கள், மேலே தஞ்சாவூர்ப் பக்கத்து மாமி. பீபிஜி பஞ்சாபிக்காரம்மா. தபால் ஆபீஸில் வேலை. அவருடைய வீட்டுக்காரர் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். ராஜஸ்தான் பக்கம் ரோட்டைக் கடந்துகொண்டிருந்த ஆமை ஒன்றை வண்டியை நிறுத்தித் தூக்கி வந்தாராம். அவர் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆமை இருந்தது. கறுப்பு ஓட்டில் மஞ்சள் கோடு கோடாக நட்சத்திரம் போட்ட ஆமை. இன்றைக்கு அதை வீட்டில் வைத்திருந்தால் வனத்துறை ஆட்கள் கதவைத் தட்டுவார்கள். அன்றைக்கு யார் கேட்டார்கள்? பீபிஜி அதை வெறுமே கச்சுவா என்றுதான் கூப்பிடுவார். இந்தியில் ஆமைக்கே அதுதான் பெயர். அதனிடம் புருஷனிடம் பேசுகிற மாதிரியே சலித்துக்கொள்வார்.

எனக்கு எட்டு வயசு இருக்கும். அந்த வருஷம் குளிர் ஆரம்பிக்கும்போது பீபிஜி மகளுடைய பிரசவத்துக்காக லூதியானா கிளம்பினார். ஆட்டோ வாசலில் உறுமிக்கொண்டு நிற்கிறது. பீபிஜி மாடியேறி வந்து ஆமையை அப்பாவின் கையில் வைத்தார்.

"பாயி சாப், இது என் உயிர். பார்த்துக்கோங்க," என்று இந்தியில் சொல்லிவிட்டு, "ஜல்தி வந்துடுவேன் பேட்டா," என்று என் கன்னத்தைக் கிள்ளினார். ஆமை குளிர்காலத்தில் என்ன செய்யும் என்று சொல்லவில்லை. டெல்லியில் இருக்கிற யாருக்கும் அதைச் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

ஆட்டோ தெருமுனை திரும்பும் வரை அம்மா வாயைத் திறக்கவில்லை. அதற்கப்புறம் ஆரம்பித்தாள்.

"ஏங்க, உங்களுக்குக் கூறு இருக்கா? ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் விளங்காதும்பாக. அதப் போயிக் கையில வாங்கிட்டு நிக்கியளே. நான் இருக்க இருப்புல!"

அம்மா அப்போது முழுகாமல் இருந்தாள். எனக்குப் பிறகு இரண்டு தங்காமல் போயிருந்தன. என் எதிரில் அதை யாரும் பேசுவதில்லை. பேசாவிட்டால் பிள்ளைகளுக்குத் தெரியாது என்று பெரியவர்களுக்கு ஒரு நினைப்பு. அம்மா தண்ணீர் வாளியைத் தூக்கினால் அப்பா ஓடிவந்து வாங்குவார். மாடிப்படி இறங்கினால் "மெதுவா, மெதுவா" என்று பின்னாலேயே வருவார். எங்கள் வீட்டில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த வருஷம் அது.

அப்பா செக்ரடேரியட்டில் குமாஸ்தா. சகுனம், ராகுகாலம், கண்ணேறு எதையும் நம்பாதவர். நம்புகிறவர்களைக் கேலி செய்யாமலும் விடமாட்டார்.

"அமீனா வந்தா வீட்டுச் சாமானத் தூக்கிட்டுப் போவான். இது எதத் தூக்கும்? இதுக்கு இதோட வீட்டத் தூக்கிச் சுமக்கவே நேரம் காணல," என்று சொல்லிவிட்டு, ஆமையைத் தரையில் விட்டார். அது என் காலைச் சுற்றிக்கொண்டு நேராகச் சமையலறைக்குப் போய் அம்மா ஆய்ந்து வைத்திருந்த பாலக் கீரையில் வாயை வைத்தது. அம்மாகூடச் சிரித்துவிட்டாள்.

அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் நீடிக்கவில்லை. பனி இறங்க ஆரம்பித்ததும் கச்சுவா கீரையைத் தொடவில்லை. வெள்ளரிக்காய், முள்ளங்கி இலை, பீபிஜி சொல்லிவிட்டுப்போன கொய்யாத் துண்டு, எதைக் காட்டினாலும் கண்ணைத் திறக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் மூலையில் முகத்தைச் சுவரில் முட்டிக்கொண்டு கிடந்தது. தூக்கினால் கல்லைத் தூக்கினது மாதிரி ஜில்லென்று இருந்தது.

எனக்குப் பகீரென்றது. மேல்வீட்டு மாமி வேறு அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "ஆமை ஆத்துக்குள்ள வந்தாலே ஆகாதுன்னுவா. அது ஆத்துலயே பிராணனை விட்டுடுத்துன்னா கேக்கவே வேண்டாம். கர்ப்பிணி இருக்கற எடம்..." என்னைப் பார்த்ததும் "கொழந்தே, பள்ளிக்கூடம் லீவா?" என்று பேச்சை மாற்றினாள். எனக்குப் பேச்சின் பாதி போதும். மீதியை நானே போட்டுக்கொண்டேன். ஆமை செத்தால் அம்மா செத்துவிடுவாள்.

அன்று முதல் எனக்கு அதுதான் வேலை. காலையில் எழுந்ததும் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து போய் ஆமையின் மூக்குக்கு முன்னால் விரலை வைத்துப் பார்ப்பேன். மூச்சு தெரியாது. ஓட்டைத் தட்டிப் பார்ப்பேன். கால் லேசாக உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்பாடா என்று இருக்கும். பல் தேய்த்துவிட்டு வந்தால் மறுபடி சந்தேகம் வந்துவிடும்.

அப்பாவுக்கும் கவலை வந்தது. அவருடைய கவலை வேறு மாதிரி. "அடுத்தவுக உயிரா நெனைக்கத நம்மள நம்பிக் குடுத்துட்டுப் போயிருக்காக. பீபிஜி வந்து கேட்டா என்னன்னு பதில் சொல்ல?" என்று ஆமையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் தீர்ப்புச் சொன்னார்: "இது ராஜஸ்தான் மணல்ல கெடந்தது. சூடு பழகுன உடம்பு. குளிர் தாங்கல. நமக்கே தாங்கலயே. இதுக்கு வேண்டியது மருந்தில்ல, சூடுதான்."

அப்படித்தான் அங்கீட்டி எங்கள் அறைக்குள் வந்தது. அது கரி அடுப்பு, உங்களுக்குத் தெரியும். பழைய இரும்பு வாளிக்குள் களிமண் பூசி, நடுவில் கம்பி வைத்து, கீழே சாம்பல் விழ ஒரு வாய் வெட்டியிருக்கும். அதுவரை பால்கனியில் வெந்நீர் வைக்கத்தான் அதைப் பயன்படுத்தினோம்.

அப்பா எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். அம்மா மைதா மாவில் பசை காய்ச்சினாள். பழைய செய்தித்தாளை நீள நீளமாகக் கிழித்து, ஜன்னல் சட்டத்திலும் பால்கனிக் கதவின் இடுக்கிலும் அப்பாவும் நானும் ஒட்டினோம். வெந்த மைதா வாசனையும் அச்சு மை வாசனையும் சேர்ந்து அறை பைண்டிங் கடை மாதிரி இருந்தது. ஓர் இடுக்கில்கூட ஊசிக் காற்று வரவில்லை என்று அப்பா உள்ளங்கையை வைத்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். அறையின் உள்கதவுக்கு அடியில் ஒரு பழைய கம்பளித் துண்டைச் சுருட்டி வைத்தார்.

புகை ஆபத்து என்று அவருக்குத் தெரியும். அதனால் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மத்தியானச் சமையல் முடிந்ததும் சமையலறையில் பற்றவைத்து, கரியெல்லாம் சிவந்து, ஒரு நூல் புகைகூட இல்லை என்று பார்த்த பிறகுதான் உள்ளே கொண்டுவர வேண்டும். புகையில்லாத கங்கு ஒன்றும் செய்யாது என்று அவர் நம்பினார். டெல்லிக்காரர்கள் அங்கீட்டி இருக்கிற அறையில் ஜன்னலை ஒரு விரற்கடையாவது திறந்து வைத்திருப்பார்கள். நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள். எங்கள் ஊர் வீட்டில் சமையலறை ஓட்டிலேயே வெளிச்சம் தெரியும். ஜன்னலை மழைக்குத்தான் அடைப்போம், மழையும் வருஷத்துக்கு நாலு நாள்தான். நாலு பக்கமும் அடைத்த அறை என்றால் என்ன என்று எங்கள் வம்சத்தில் யாருக்கும் தெரியாது.

கச்சுவாவை ஆப்பிள் பெட்டியில் வைக்கோல் போட்டு அங்கீட்டிக்குப் பக்கத்தில் வைத்தோம். இரண்டாம் நாளே தலை வெளியே வந்தது. பிறகு கண் திறந்தது. அப்புறம் பெட்டியின் பலகையில் நகத்தால் பிறாண்ட ஆரம்பித்தது. நான் கைகொட்டிக் குதித்தேன். அப்பா ஆபீஸிலிருந்து வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் பெட்டிக்கு முன்னால் குந்திக்கொண்டு, "பாத்தியா? நான் சொன்னம்லா," என்று அம்மாவைப் பார்த்தார். அம்மாவும் தினம் மத்தியானம் அந்த அறையில் கதகதப்பாகப் படுத்துக்கொண்டாள். வயிற்றுப் பிள்ளைக்கும் நல்லது என்று எல்லோரும் சொன்னார்கள்.

எனக்குப் பயம் போயிருக்க வேண்டும். ஆனால் அதற்குள் அம்மா தூங்க ஆரம்பித்துவிட்டாள்.

படுக்கும்போது சாதாரணமாகத்தான் படுப்பாள். சாயங்காலம் எழுப்பினால் எழுந்திருக்க வெகுநேரம் ஆகும். எழுந்ததும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தலைவலி, குமட்டல். ஒருநாள் என் பெயரைச் சொல்ல வந்து, சொல்ல முடியாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியிடம் சொன்னால், "மசக்கைன்னா அப்படித்தாண்டி இருக்கும். நான் ஒங்கம்மாவைவிட ஜாஸ்தியாத் தூங்கியிருக்கேன்," என்றாள். அம்மாவின் முகம் சிவந்து கிடந்ததைப் பார்த்து, "டெல்லித் தண்ணி ஒத்துண்டுடுத்து, சிம்லா ஆப்பிள் மாதிரி ஆயிட்டா பாரு," என்று கன்னத்தைத் தொட்டுத் திருஷ்டி கழித்தாள்.

நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். பயந்த பிள்ளைகள் எல்லாவற்றையும் கவனிக்கும். ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டில் இருப்பார். எல்லோரும் மொட்டைமாடியில் வெயில் காய்வோம். அங்கீட்டி உள்ளே வராது. அன்றைக்கு அம்மா மாமியோடு வாயடித்துக்கொண்டு கேரட் துருவுவாள். கச்சுவா பெட்டியில் கட்டையாகக் கிடக்கும். திங்கட்கிழமை அங்கீட்டி வரும். கச்சுவா எழுந்து நடக்கும். அம்மா விழுந்து தூங்குவாள். கரி டிப்போ மூடியிருந்து கரி கிடைக்காத நாட்களிலும் அப்படியே ஆனது. ஆமை தூங்கினால் அம்மா விழித்திருந்தாள். ஆமை விழித்தால் அம்மா தூங்கினாள்.

எட்டு வயசு மூளை இதிலிருந்து என்ன கண்டுபிடிக்கும்? எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குச் சேர்த்து ஒரே ஒரு விழிப்புதான் இருக்கிறது, அந்த ஆமை அம்மாவின் பங்கைத் திருடித் தின்கிறது என்று கண்டுபிடித்தேன். அது சாகப்போகிறதே என்று விரலை வைத்துப் பார்த்துப் பார்த்து அழுத நான், அது கண்ணைத் திறந்தாலே நடுங்க ஆரம்பித்தேன். அதற்கு ஒரு பழக்கம் உண்டு. யாரையாவது பார்த்தால் கண்ணைச் சிமிட்டாமல் ரொம்ப நேரம் பார்க்கும். அம்மாவைப் பார்க்கும்போது நான் குறுக்கே போய் நின்றுகொள்வேன். ஒருநாள் அதைக் காவல் காக்கிறேன் என்று அங்கீட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்கே தலை கனத்தது, கண் சொருகியது. சரி, நம்ம முறையும் வந்துவிட்டது என்று வெளியே ஓடிவிட்டேன்.

அப்பாவிடம் சொன்னேன். "அப்பா, கச்சுவா அம்மாவோட தூக்கத்தத் தொறக்க விடமாட்டேங்குது." என் தமிழ் அப்போதே அந்த லட்சணம்தான். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "ஏட்டி, நீயும் உங்க அம்ம கட்சியில சேந்துட்டியா?" என்றார். அத்தோடு முடிந்தது.

அந்த நாள் சூரியனே வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே எதிர் பிளாக் தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். தெருவில் போகிறவர்களின் இருமல் மட்டும் கேட்டது. அப்பா ஆபீஸ் போய்விட்டார். அம்மா வழக்கத்தைவிட நிறையக் கரி போட்டு, கங்கு சிவந்ததும் உள்ளே தூக்கிக்கொண்டு போனாள். "நீ மாமி வீட்டுல உக்காந்து கணக்கப் போடு. நான் செத்த படுக்கேன்," என்றாள். எங்கள் ஊரில் செத்த என்றால் கொஞ்ச நேரம். எனக்கு அந்த வார்த்தை அன்றைக்குப் பிடிக்கவில்லை.

மாமி வீட்டில் கணக்கு ஓடவில்லை. மாமி ஒரு கிண்ணத்தில் சேவையைப் போட்டு, "அம்மா எழுந்துட்டாளான்னு பாத்து இதைக் குடுத்துட்டு வா," என்று அனுப்பினாள். இறங்கி வந்து உள்கதவைத் தள்ளினேன். கம்பளித் துண்டு சிக்கிக்கொண்டு கதவு நகரவில்லை. தோளால் முட்டித் திறந்தேன். அறை அனலாக இருந்தது.

அம்மா கட்டிலில் மல்லாந்து கிடந்தாள். ஒரு கை தொங்கிக்கொண்டிருந்தது. கச்சுவா பெட்டியை விட்டு எப்படியோ ஏறிக் குதித்து, தரையில் டக் டக்கென்று நகம் கேட்க நடந்துகொண்டிருந்தது. அவ்வளவு சுறுசுறுப்பாக அதை நான் பார்த்ததே இல்லை. நேராகக் கட்டிலடிக்குப் போய், தொங்கிக்கொண்டிருந்த அம்மாவின் புடவைத் தலைப்பை வாயில் கவ்வி இழுத்தது.

கிண்ணம் கையை விட்டுப் போய்விட்டது. "அம்மா! அம்மா!" என்று உலுக்கினேன். தலை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடியது. "ம்ம்" என்று ஒரு சத்தம் எங்கோ ஆழத்திலிருந்து வந்தது. அவ்வளவுதான். மூக்கில் விரலை வைத்துப் பார்த்தேன். ஆமைக்கு வைத்துப் பார்த்த அதே விரல். இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும். இந்த ஆமையைத் தூங்க வைக்க வேண்டும். அது தூங்கினால் அம்மா எழுந்துவிடுவாள். அதைத் தூங்க வைப்பது குளிர்.

ஆமையை இரண்டு கையாலும் பிடுங்கித் தூக்கினேன். புடவை நூல் அதன் வாயிலேயே அறுந்து வந்தது. பால்கனிக் கதவு அசையவில்லை. எங்கள் மைதா பசை அவ்வளவு கெட்டி. நகத்தால் காகிதத்தைப் பிய்த்துப் பிய்த்து எறிந்தேன். தாழ்ப்பாளை இரண்டு கையாலும் தூக்கி, காலைச் சுவரில் உதைத்து இழுத்ததும் கதவு திறந்தது. ஐஸ் மாதிரி பனி முகத்தில் அறைந்தது. ஆமையைப் பால்கனித் தரையில் வைத்தேன். ஜன்னல் காகிதத்தையும் கிழித்து அதையும் திறந்தேன். சூடு உள்ளே இருந்தால் அது திரும்பி வந்துவிடுமே என்று, அங்கீட்டியின் பிடியைத் துணியால் பிடித்துப் பால்கனிக்கு இழுத்து, வாளித் தண்ணீரை அப்படியே அதன்மேல் கவிழ்த்தேன். உஸ்ஸென்று சாம்பலும் ஆவியும் கிளம்பி என் தலையெல்லாம் வெள்ளையாகிவிட்டது.

பிறகு ஆமைக்கு முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்து கத்தினேன். "ஸோ ஜா! ஸோ ஜா!" தூங்கு, தூங்கு. பீபிஜி வீட்டு ஆமைக்குத் தமிழ் புரியாது என்று இந்தியில் கத்தினேன். அது என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மெதுவாகக் காலை இழுத்துக்கொண்டது. தலையும் உள்ளே போனது.

உள்ளே அம்மா இருமினாள். பிறகு கட்டிலை விட்டுத் தலையை வெளியே போட்டு வாந்தி எடுத்தாள். உலகத்தில் நான் கேட்ட சத்தங்களில் அதைவிட இனிமையானது இன்றுவரை இல்லை.

என் கத்தலைக் கேட்டு மாமி ஓடிவந்தாள். சாம்பலில் குளித்த நான், உடைந்த கிண்ணம், விரியத் திறந்த கதவு, கட்டிலில் நடுங்குகிற கர்ப்பிணி. "அடி படுபாவி! பிள்ளைத்தாச்சியை இந்தக் குளிர்ல போட்டு..." என்று என் முதுகில் இரண்டு வைத்துவிட்டு ஜன்னலைச் சாத்தப் போனாள். நான் அவள் கையைக் கடித்தேன். பல் பதியக் கடித்தேன். அவள் வீலென்று கத்தியும் விடவில்லை. மாமி அதற்கப்புறம் என்னைக் கூப்பிட்டுச் சேவை கொடுத்ததே இல்லை. கொடுக்காவிட்டால் போகட்டும்.

அப்பா ஆபீஸிலிருந்து வந்து அறைக்குள் நுழைந்தார். நனைந்த கரியைப் பார்த்தார். தொங்குகிற காகிதத்தைப் பார்த்தார். அம்மாவைப் போர்த்தி டாக்ஸியில் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டரம்மா வெகுநேரம் வயிற்றில் குழலை வைத்துக் கேட்டார். அப்பாவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. சாமி கும்பிடாத மனுஷன் என்ன முணுமுணுத்தார் என்று தெரியாது. "பச்சா டீக் ஹை," என்றார் டாக்டரம்மா. பிள்ளை நன்றாக இருக்கிறது.

பிறகு அப்பாவை வராந்தாவுக்குக் கூப்பிட்டு என்னவோ கேட்டார். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நான். பேச்சு கேட்கவில்லை. அப்பா இரண்டு கையையும் வட்டமாக வைத்து, இவ்வளவு பெரிசு என்று காட்டினார். டாக்டரம்மா கடுமையாக ஏதோ சொன்னார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். ஆமையைத்தான் சொல்கிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. டாக்டருக்கே தெரிந்திருக்கிறது, ஆமைதான் காரணம் என்று.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அம்மாவைப் பார்க்காமல் சொன்னார்: "நீ சொன்னதுதான் சரி. ஆமை புகுந்த வீடு விளங்காது. இனிமே இது இங்க வேண்டாம்." அன்றே ஆமையைக் கொண்டுபோய், பூட்டிக் கிடந்த பீபிஜி வீட்டுக்குப் பின்னால் இருந்த துளித் தோட்டத்தில், எலுமிச்சை மரத்தடியில் வைக்கோலைப் போட்டு விட்டார். அது மண்ணைப் பறித்து இறங்கிவிட்டது. மறுநாள் அங்கீட்டியைக் காணவில்லை. பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டதாகச் சொன்னார். ஜன்னல் காகிதம் முழுவதையும் அவரே சுரண்டினார். பசைத் தடம் மட்டும் போகவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் தூங்கினோம்.

வெயில் உறைக்க ஆரம்பித்ததும் பீபிஜி வந்து சேர்ந்தார். நான் அழுதுகொண்டே எலுமிச்சை மரத்தடியைக் காட்டினேன். பீபிஜி கைதட்டிச் சிரித்தார். "அரே பாக்லீ, பைத்தியமே! குளிர்காலம் முழுக்க அது தூங்கத்தான் செய்யும். அதுதான் அதன் வேலை. சாப்பிடாது, அசையாது. வெயில் வந்தால் தானே எழுந்துக்கும்." சொன்ன மாதிரியே கொஞ்ச நாளில் மண்ணைக் கிளறிக்கொண்டு தலை வந்தது, தூசி படிந்த கண்ணோடு. ஆமை ஏன் தூங்கியது என்று அன்றைக்குத் தெரிந்தது. அதற்கு ஒரு வியாதியும் இல்லை. அதைத் தூங்க விட்டிருந்தால் போதும்.

அன்று பீபிஜி லூதியானா மிட்டாயோடு மாடிக்கு வந்ததும், ஜன்னல் சட்டத்தில் இருந்த பசைத் தடத்தை விரலால் தடவிப் பார்த்ததும், சிரிப்பு நின்று அம்மாவின் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் கூட்டிப்போய் வெகுநேரம் பேசியதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. எனக்குக் கவனமெல்லாம் மிட்டாயில்.

தம்பி நல்ல வெயிலில் பிறந்தான். அப்பா அவனைக் கொஞ்சியதைவிடச் சோதித்ததுதான் அதிகம். முகத்துக்கு நேரே விரலை அசைப்பார். காதுக்குப் பின்னால் கை தட்டுவார். குப்புற விழுந்தானா, தவழ்ந்தானா என்று ஆபீஸிலிருந்து வந்ததும் கேட்பார். அவன் முதல் வார்த்தை பேசின அன்று அப்பா குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இப்போது அவன் பெங்களூரில் ஆடிட்டர். போனை எடுத்தால் வைக்கமாட்டான். அவன் மூளைக்கு ஒரு குறையும் இல்லை, நாக்குக்குத்தான் அளவில்லை.

அப்பாவுக்கு அதற்கப்புறம் ஆயுசுக்கும் ஒரு பைத்தியம் இருந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும், எவ்வளவு குளிரானாலும், எழுந்து போய் ஜன்னலை ஒரு விரற்கடை திறப்பார். டெல்லி துவாரகாவில் என் பிளாட்டில் அவரும் என் வீட்டுக்காரரும் ஒருவர் திறக்க, ஒருவர் சாத்த, மப்ளர் கட்டிக்கொண்டு மௌனமாகச் சண்டை போடுவார்கள். அப்பா ஒரு காரணமும் சொன்னதில்லை. அவர் போய்ப் பல வருஷம் ஆகிறது.

அவர் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஒரு குளிர்காலக் காலை, காபியோடு செய்தித்தாளைப் பிரித்தேன். வருஷா வருஷம் டெல்லியில் வருகிற செய்திதான். அடைத்த அறை, அங்கீட்டி, தூங்கிய குடும்பம் எழுந்திருக்கவில்லை. புகையே இல்லாத கங்கிலிருந்தும் நிறமில்லாமல், மணமில்லாமல் விஷவாயு வரும் என்று அன்றைக்குக் கீழே ஒரு டாக்டரும் எழுதியிருந்தார். முதலில் தலைவலி, குமட்டல், பிறகு தூக்கம். காபி ஆறிப்போனது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பா வட்டமாகக் காட்டியது ஆமையை அல்ல. ஆமைக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று கேட்காதீர்கள். மூச்சைக்கூடக் கஞ்சத்தனமாகச் செலவு செய்கிற பிராணி அது.

ஆயுசில் ஒரு சகுனத்தையும் நம்பாதவர், ஒரே ஒரு தடவை நம்புவதாக ஏன் சொன்னார் என்று அன்றைக்குத் தெரிந்தது. உன்னையும் பிள்ளையையும் நான் கொல்ல இருந்தேன் என்று அம்மாவிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பழியை ஆமையின் முதுகில் ஏற்றிவிட்டார். அம்மாவும் அதை ஊரெல்லாம் சொன்னாள். கல்யாண வீட்டில், நவராத்திரிக் கொலுவில், அப்பா பக்கத்தில் இருக்கும்போதெல்லாம் இன்னும் சத்தமாகவே சொல்வாள்: "அந்த ஆமை என்னையத் தூக்கிட்டுப் போகப் பாத்துச்சு. எதையும் நம்பாத மனுசனே நம்பிட்டாருல்லா!" அப்பா தலையைக் குனிந்துகொண்டு மிக்சரைக் கொறிப்பார்.

அம்மா இப்போது என்னோடு இருக்கிறாள். எண்பது தாண்டிவிட்டது, பகலில் நிறையத் தூங்குகிறாள். நான் இந்த வயசிலும் மத்தியானம் போய் மூக்கில் விரலை வைத்துப் பார்க்கிறேன். போன குளிர்காலத்தில் ஒருநாள் அப்படி வைத்தபோது விழித்துக்கொண்டாள். "என்னட்டி, இருக்கனா போயிட்டனான்னு பாக்கியா?" என்றாள். இனி மறைக்க முடியாது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அங்கீட்டி, காகிதம், விஷவாயு, அப்பாவின் பொய்.

அம்மா அசரவே இல்லை.

"எனக்குத் தெரியும். பீபிஜி வந்த அன்னைக்கே சொல்லிட்டா. பசைத் தடத்தப் பாத்ததும் தலையில அடிச்சுக்கிட்டா."

"தெரிஞ்சுமா இத்தன வருஷமா ஆமையத் திட்டுன?"

"வேற யாரத் திட்டச் சொல்லுத? நான் திட்டுத வரைக்குந்தான் அந்த மனுசன் தூங்குவாரு. நான் வாயப் பொத்திட்டா, இவளுக்குத் தெரிஞ்சு போச்சோன்னு பயந்தே செத்திருப்பாரு." போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டாள். "ஆமைக்கு என்னட்டி? எம்புட்டுப் பழிய ஏத்துனாலும் அதுக்கு ஓடு இருந்துச்சு. உங்க அப்பாவுக்கு என்ன இருந்துச்சு?"

சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் எழுந்து போய், ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைத்தேன்.